குடிபெயர்ச்சியும் வகுப்புப் பூசலும்

ஒரு நாட்டிற்குள்ளேயே மக்கள் ஓரிடம் விட்டு மற்றோரிடம் சென்று வாழ்வது புதுமையான செய்தி அன்று. மழை பொய்த்த ஊரிலிருந்து ஆற்றுப் பாசனம் உள்ள ஊருக்கும், நிலம் கிடைக்காத ஊரிலிருந்து தரிசு மிகுந்த ஊருக்கும், கிராமத்திலிருந்து ஆலைகள் நிறைந்த நகரத்திற்கும் மனிதர் என்றும் சென்றுகொண்டுதான் இருக்கின்றனர். நாட்டின் எல்லையைத் தாண்டாத இத்தகைய பெயர்ச்சியை உள்நாட்டுக் குடிபெயர்ச்சி என்கிறோம். இப்படி வந்து சேர்ந்தவர்களும், அங்கே முன்பே வாழ்ந்தவர்களும் வெவ்வேறு சமயத்தவராக இருந்து, பின்னொரு நாளில் அவ்விடத்தில் கலவரம் மூளுமானால், அதற்குக் காரணம் யாது? சமயமா? குடிபெயர்ச்சியா? அல்லது இவ்விரண்டுக்கும் இடையே நின்ற வேறொன்றா? இந்தக் கேள்வியையே இன்று ஆராய்வதற்கு நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இது ஏட்டுச் சுரைக்காய் போன்ற கேள்வி அன்று. காரணத்தை எவ்வாறு சொல்லுகிறோமோ, அவ்வாறே பரிகாரமும் அமையும். சமயமே காரணம் என்று முடிவு செய்பவர், இரு சமயத்தவரையும் பிரித்து வைப்பதே வழி என்பார். வந்தேறிகளே காரணம் என்று முடிவு செய்பவர், அவர்களை வந்த வழியே அனுப்பிவிட வேண்டும் என்பார். இவ்விரு பரிகாரங்களும் உலகின் பல பாகங்களில் கையாளப்பட்டிருக்கின்றன. அவற்றால் சிந்திய இரத்தம் கொஞ்சமன்று. ஆகவே, அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாமல், ஓர் உதாரணத்தை நன்கு ஆராய்ந்து பார்ப்பது நலம். அதற்குப் பிலிப்பைன் தீவுகளில் உள்ள மின்டனாவோவை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அங்கே குடிபெயர்ச்சி எப்போது தொடங்கியது, எந்தச் சட்டத்தால் வளர்ந்தது, எந்த ஆண்டில் பூசலாக மாறியது என்பனவெல்லாம் தெளிவாகத் தெரிகின்றன.

மின்டனாவோ, பிலிப்பைன் தீவுகளுள் இரண்டாவது பெரிய தீவு. ஏறக்குறைய 97,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதாவது நம் தமிழ்நாட்டில் நான்கில் மூன்று பங்கு எனலாம். அதன் தென்மேற்கே சூலு என்னும் சிறு தீவுக் கூட்டம் இருக்கிறது. அரபு வணிகரும் மலாய் வணிகரும் சென்ற கடல்வழியில் இத்தீவுகள் அமைந்திருந்தமையால் இஸ்லாம் இங்கே முற்காலத்திலேயே வேரூன்றியது. பதினைந்தாம் நூற்றாண்டில் சூலுவில் சுல்தான் ஆட்சி நிலைபெற்றது. பதினாறாம் நூற்றாண்டில் மின்டனாவோவின் மகிந்தனாவோ நாட்டிலும் அவ்வாட்சி தோன்றியது. ஸ்பானியர் 1565ஆம் ஆண்டில் வந்து குடியேற்ற ஆட்சியை நிறுவியபோது, வடக்கே லூசோன் தீவிலும், நடுவே உள்ள விசாயாஸ் தீவுகளிலும் மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர் ஆயினர். தெற்கே இருந்த முஸ்லிம்கள் பணியவில்லை. தம் நாட்டில் முன்பு ஆண்ட மூர்களின் நினைவாக, ஸ்பானியர் இவர்களை ‘மோரோ’ என்று இகழ்ச்சியாக அழைத்தனர். முந்நூறு ஆண்டுகள் போர் ஓய்ந்தும் மூண்டும் நடந்தது. இகழ்ச்சியாக வந்த அந்தப் பெயரையே பிற்காலத்தில் அம்மக்கள் பெருமையோடு தம் பெயராக ஏற்றுக்கொண்டனர்.

இந்த வரலாற்றை மட்டும் கேட்பவர், பழைய பகைதானே பிற்காலத்துப் போராக மூண்டது என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதற்கு ஒரு தடை இருக்கிறது. ஸ்பானியர் ஆட்சி 1898இல் முடிந்தது. அமெரிக்கர் ஆட்சியை முஸ்லிம்கள் கடுமையாக எதிர்த்தனர்; 1906இல் சூலுவில் உள்ள புட் தாஹோ மலையில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஆயினும், அந்த எதிர்ப்பு அடங்கிய பின்னர் நாற்பது ஐம்பது ஆண்டுகள், கிறிஸ்தவக் குடியானவர்களுக்கும் முஸ்லிம் குடியானவர்களுக்கும் இடையே பெரும் போர் எதுவும் மூளவில்லை. ‘தாத்து’ எனப்படும் முஸ்லிம் தலைவர்கள் பலர், வடக்கிலிருந்து வந்த குடியேறிகளை வரவேற்கவும் செய்தனர். பழம்பகையே முழுக் காரணம் என்றால், இந்த இடைக்கால அமைதியை எவ்வாறு விளக்குவது? ஆகவே, இக்காலத்தில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

மாறியது நிலம். நிலத்தைப் பற்றிய இரண்டு எண்ணங்கள் அங்கே ஒன்றோடொன்று மோதின. முஸ்லிம்களிடமும், மலைகளில் வாழ்ந்த பழங்குடிகளிடமும் நிலம் ஒரு தனி மனிதனின் சொத்தாக இருக்கவில்லை. அது குலத்துக்கோ சமூகத்துக்கோ உரியது. தலைவர் அதைக் காப்பவர். உழுபவன் அதன் பயனை அனுபவிப்பவன். காட்டை எரித்துச் சில ஆண்டு பயிரிட்டு, பின் அதை ஆறப்போட்டு வேறிடம் செல்வது மலைநாட்டு வழக்கம். ஆறப்போட்ட நிலத்திற்கும் உரியவர் உண்டு. ஆனால் அதற்குப் பத்திரம் இல்லை. அமெரிக்கர் கொண்டுவந்த சட்டம் இதற்கு நேர் மாறானது. பதிவு செய்யப்பட்டுப் பட்டா பெற்ற நிலமே ஒருவனுக்கு உரியது. பதிவாகாத நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துக்கு உரியது. 1902இல் நிலப்பதிவுச் சட்டம் வந்தது. மறு ஆண்டு, பொது நிலத்தில் ஒருவன் 16 ஹெக்டேர் வரை கேட்டுப் பெறலாம் என்று விதி செய்யப்பட்டது. சுல்தான்களும் தாத்துக்களும் அரசாங்கத்தின் அனுமதியின்றி வழங்கிய நிலக்கொடைகள் செல்லாவென்றும் சட்டம் செய்யப்பட்டது.

பதிவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அளவையாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அலுவலகம் இருக்கும் நகரத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். இவை வடக்கிலிருந்து பள்ளிப் படிப்போடு வந்தவனுக்கு எளியவை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவனுக்கு அரியவை. அன்றியும், அந்த அரசாங்கத்தில் பெயரைப் பதிவு செய்வதே அதற்கு அடிமைப்படுவதாகும் என்று பல முஸ்லிம்கள் கருதினர். ஆகவே, சட்டத்தின் முன் நிலம் ‘வெறுமையாக’த் தோன்றியது.

இதற்கு மேலும் ஒரு கொடுமை நேர்ந்தது. மாணவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். 1919ஆம் ஆண்டின் பொது நிலச் சட்டத்தின்படி, கிறிஸ்தவர் ஒருவர் 24 ஹெக்டேர் வரை கேட்கலாம். ‘கிறிஸ்தவரல்லாதார்’ என்று ஏட்டில் குறிக்கப்பட்டவர் 10 ஹெக்டேர்தான் கேட்கலாம். 1936ஆம் ஆண்டின் சட்டம் இதைத் திருத்தியபோது, முன்னவருக்கு 16 ஹெக்டேர் என்றும் பின்னவருக்கு 4 ஹெக்டேர் என்றும் ஆயிற்று. ஏக்கர்க் கணக்கில் சொன்னால், ஒருவருக்கு ஏறக்குறைய நாற்பது, மற்றவருக்குப் பத்து. கலப்பையும் மாடும் ஒன்றே. மழையும் மண்ணும் ஒன்றே. ஆயினும் எந்தச் சமயப் பிரிவில் ஒருவன் எழுதப்பட்டிருந்தான் என்பதைக் கொண்டு அவன் நிலத்தின் அளவு நான்கு மடங்கு வேறுபட்டது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தங்கியிருந்த சமய வேறுபாட்டை வயல் வரப்புக்குக் கொண்டுவந்தது சட்டமே என்று நான் கருதுகிறேன்.

இனி, குடியேறிகள் யார் என்று பார்ப்போம். அவர்கள் செல்வர்கள் அல்லர். பிறர் மண்ணைப் பறிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு புறப்பட்டவர்களும் அல்லர். மத்திய லூசோனில் நெல்வயல்கள் பெரும் பண்ணையார்களிடம் இருந்தன. உழுதவன் விளைச்சலில் பாதியை வாரமாகக் கொடுத்தான். விதைக்கும் உணவுக்கும் கடன் வாங்கினான். கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. இந்தத் துன்பத்தால் 1946 முதல் ‘ஹுக்’ எனப்பட்ட உழவர் கிளர்ச்சி மூண்டது. பண்ணை நிலத்தை உழுபவனுக்குப் பங்கிடுவதே நேரான வழி. ஆனால் சட்டசபையில் பண்ணையார்களின் கை ஓங்கியிருந்தது. வடக்கில் நிலத்தைப் பங்கிடாமல், வடக்கின் நிலமற்றவர்களைத் தெற்கே அனுப்புவது எளிதாயிற்று. ‘வாக்களிக்கப்பட்ட நாடு’ என்ற அழகிய பெயரும் மின்டனாவோவுக்குச் சூட்டப்பட்டது.

இம்முயற்சி பல படிகளில் நடந்தது. 1913இல் கொத்தபாத்தோ பள்ளத்தாக்கில் விவசாயக் குடியேற்றங்கள் தொடங்கின. 1939இல் தேசிய நிலக்குடியேற்ற நிருவாகம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 27ஆம் நாள், ஜெனரல் பவுலினோ சான்டோஸ் என்பவரின் தலைமையில் 62 பேர் சரங்கானி விரிகுடாவில் கரையிறங்கினர். இன்று அங்கே நிற்கும் பெருநகரம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1950இல் கலைக்கப்படுவதற்குள் அந்த நிருவாகம் ஏறக்குறைய 8,300 குடும்பங்களைக் குடியேற்றியது. ரமோன் மகசேசே பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, சரணடைந்த ஹுக் கிளர்ச்சிக்காரருக்கு நிலம் தரும் திட்டத்தை இராணுவத்தின் பொறுப்பில் தொடங்கினார். அங்கே குடியேறியவர்களில் முன்னாள் கிளர்ச்சிக்காரர் சிறு பகுதியினரே. 1954இல் மற்றொரு குடியேற்ற நிறுவனமும் ஏற்பட்டது. ஆனால் அரசாங்கம் அழைத்துச் சென்றவர்களைக் காட்டிலும், உறவினரின் கடிதத்தை நம்பிக் கப்பலேறித் தாமாகவே சென்றவர்கள்தாம் மிகப் பலர். அரசாங்கம் பாதையைத் திறந்தது. வறுமை அதில் மக்களை நடத்திச் சென்றது.

விளைவு என்ன? 1903இல் மின்டனாவோவின் ஜனத்தொகையில் முஸ்லிம்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர். 1939இல் மூன்றில் ஒரு பங்கினர். 1970களில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டனர். அவர்கள் எண்ணிக்கையில் தேயவில்லை, சுற்றியிருந்தோர் பெருகினர். எழுபது ஆண்டுகளில், ஒரு முதியவரின் வாழ்நாளுக்குள், பெரும்பான்மையினர் சிறுபான்மையினர் ஆயினர்.

இங்கே நில மோசடிகளையும் சொல்ல வேண்டும். எல்லாக் குற்றத்தையும் ஒரு சாரார் மீது சுமத்துவது நியாயமாகாது. சில தாத்துக்கள் சமூகத்துக்குரிய நிலத்தைத் தம் பெயரில் பதிவு செய்து குடியேறிகளுக்கு விற்றனர். விற்றவர் பணத்தைப் பெற்றுக்கொண்டார். உழுதுகொண்டிருந்தவன் ஒரு நாள் வேலியைக் கண்டான். வாங்கிய குடியேறியோ, நாணயமாகப் பணம் கொடுத்துப் பத்திரம் பெற்றவன். பழைய உழவன் ‘இது என் பாட்டன் மண்’ என்றான். புதிய உழவன் ‘இதோ என் பத்திரம்’ என்றான். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவேறு சட்டங்களின்படி இருவருமே உரிமையாளர்கள். இந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய நீதிமன்றமோ பத்திரத்தின் மொழியையே அறியும். பாட்டனின் மொழியை அறியாது.

நிலத்துக்கு அடுத்து வந்தது வாக்கு. மக்களாட்சியில் எண்ணிக்கை என்பது அதிகாரம். குடியேறிகள் பெருகிய மாவட்டங்களில் ஆளுநர் பதவியும் நகராட்சித் தலைமையும் கைமாறத் தொடங்கின. 1966இல் கொத்தபாத்தோ மாகாணத்தின் தென்பகுதி தனி மாகாணமாகப் பிரிக்கப்பட்டது. அதில் குடியேறிகளே பெரும்பான்மையினர். நிலத்தை இழந்தபோதும் பொறுத்திருந்த முஸ்லிம் தலைவர்கள், பதவியையும் இழக்கும் நிலை வந்தபோது பொறுக்கவில்லை. அதுவரை குடியேறிகளோடு இணங்கி ஆட்சி நடத்திய கொத்தபாத்தோவின் முன்னாள் ஆளுநர் தாத்து உட்டோக் மதாலம், 1968 மே மாதத்தில் முஸ்லிம் சுதந்திர இயக்கத்தைத் தொடங்கினார். அதற்கு இரு மாதங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்தில், இரகசியப் படைப்பயிற்சிக்காகக் கொரெகிடோர் தீவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட முஸ்லிம் இளைஞர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வெளியாகியிருந்தது. நாடு கொதித்தது. எகிப்தின் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் கற்றுத் திரும்பியவர்களும், மணிலாவின் கல்லூரிகளில் பயின்ற முஸ்லிம் மாணவர்களும் இப்போது ஒருவரையொருவர் கண்டுகொண்டனர்.

பின்னர் வந்தது ஆயுதம். அரசியல்வாதிகளுக்குத் தனிப்படைகள் இருந்தன. 1970ஆம் ஆண்டளவில், குடியேறிகள் பக்கத்தில் ‘இலகா’ என்ற கூட்டம் தோன்றியது. விசாயா மொழியில் அதற்கு எலி என்று பொருள். முஸ்லிம்கள் பக்கத்திலும் அதற்கு எதிர்க்கூட்டங்கள் தோன்றின. 1971 ஜூன் 19ஆம் நாள், கார்மென் என்னும் ஊரைச் சேர்ந்த மனிலி கிராமத்தில், சமாதானக் கூட்டம் என்று சொல்லிப் பள்ளிவாசலில் கூட்டப்பட்ட முஸ்லிம்களில் ஏறக்குறைய 70 பேர் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். தொழுகைக்குரிய இடத்தில் இது நடந்தமையால், இதுவரை நிலத்தகராறு, தேர்தல் தகராறு என்று சொல்லப்பட்டதற்கு இனி மதப்போர் என்பதே பெயராயிற்று. வெளிநாட்டு முஸ்லிம் அரசுகளின் கவனமும் இதன்பால் திரும்பியது. 1972 செப்டம்பரில் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து ஆயுதங்களை ஒப்படைக்கக் கட்டளையிட்டார். நூர் மிசுவாரியின் தலைமையில் மோரோ தேசிய விடுதலை முன்னணி பெரும்போரில் இறங்கியது. தொடர்ந்த ஆண்டுகளில் அந்தப் போரில் 1,20,000 பேர் வரை மாண்டனர் என்று மதிப்பிடுவர். இருபக்கத்துக் குடியானவர்களும் லட்சக்கணக்கில் வீடிழந்தனர். குடிபெயர்ந்து வந்தவர்கள் மீண்டும் குடிபெயர்ந்தனர்.

இவ்வளவும் கேட்ட பின், ‘அப்படியானால் குடிபெயர்ச்சிதானே பூசலுக்கு வேர்?’ என்று மாணவர்கள் கேட்கலாம். அதை இரண்டு விதமாகச் சோதித்துப் பார்க்கலாம்.

முதற் சோதனையும் மின்டனாவோவிலேயே இருக்கிறது. அங்கே முஸ்லிமும் அல்லாத, குடியேறிய கிறிஸ்தவரும் அல்லாத பழங்குடிகள் பலர் உண்டு. பிளான், தெபோலி, மனோபோ, தெடுராய் முதலிய அம்மக்களை ‘லுமாட்’ என்ற பொதுப் பெயரால் அழைக்கின்றனர். சமவெளியை இழந்து மலைக்கு ஏறியவர்களில் அவர்களும் உண்டு. சில இடங்களில் முஸ்லிம்களைவிட அதிகமாக இழந்தவர்களும் அவர்களே. ஆயினும் அவர்களுடைய துன்பம் மதப்போர் என்ற வடிவத்தை எடுக்கவில்லை. ஆகவே, நிலம் பறிபோவது மட்டுமே மதப்பூசலை உண்டாக்கிவிடாது. பழைய அரசின் நினைவும், கற்றவர் கூட்டமும், தொழுகையிடங்களின் வலையும், வெளிநாட்டுத் துணையும் முஸ்லிம்களுக்கு இருந்தன. அவர்களுடைய குறை சமயத்தின் பெயரால் ஒன்று திரள முடிந்தது. சமயம் இந்தப் பூசலில் வெறும் வேஷம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தனித்தனியாக அழுத மக்களுக்கு ஒரே குரலைக் கொடுத்தது சமயமே. அழுகையை உண்டாக்கியது அதுவன்று.

இரண்டாவது சோதனைக்கு இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள அம்போன் தீவுக்குப் போவோம். அங்கே கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஏறத்தாழச் சமமாக வாழ்ந்தனர். ‘பெலா’ என்ற பழைய வழக்கத்தால், ஒரு கிறிஸ்தவ ஊரும் ஒரு முஸ்லிம் ஊரும் ஒன்றுக்கொன்று உறுதிமொழி செய்து உடன்பிறந்தவை போல் ஆகிவிடும். ஓர் ஊர் தேவாலயம் கட்டினால் மற்ற ஊர் மரம் வெட்டிக் கொடுக்கும். பள்ளிவாசல் கட்டினாலும் அவ்வாறே. சுலவேசித் தீவிலிருந்து பூகிஸ், பூத்தோன், மக்காசார் இனத்து முஸ்லிம்கள் அம்போனுக்கு வந்தனர். இவர்களைப் பெரும்பாலும் அரசாங்கம் அனுப்பவில்லை. வணிகம் தேடி வந்தவர்கள். கடைத்தெருவும் வண்டித் தொழிலும் பெரிதும் அவர்கள் கைக்குப் போயின. அவர்கள் எந்த ஊரின் பெலாவிலும் சேர்ந்தவர்கள் அல்லர். 1979இல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரிக் கிராம நிருவாகம் என்று சட்டம் வந்ததால், பெலாவைக் காத்துவந்த பழைய ஊர்த்தலைமையும் வலுவிழந்தது.

1999 ஜனவரி 19ஆம் நாள், நோன்புப் பெருநாளன்று, ஒரு சிற்றுந்தைச் சார்ந்து எழுந்த சிறு சண்டை நகரெங்கும் தீயாகப் பரவியது. முதலில் வெளியிலிருந்து வந்தவர்கள் மீதே கோபம் பாய்ந்தது. ஆனால் சில நாட்களுக்குள், வந்தவர், இருந்தவர் என்ற கோடு அழிந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற கோடு மட்டுமே எஞ்சியது. பெலாவால் பிணைந்த ஊர்களும் சில ஒன்றையொன்று தாக்கின. 2002 பிப்ரவரியில் மலினோ என்னும் ஊரில் உடன்படிக்கை ஏற்படும் வரை ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மின்டனாவோவில் சட்டம் செய்த வேலையை அம்போனில் கடைத்தெருவும் பதவிப் போட்டியும் செய்தன. இரண்டிடத்திலும் பொதுவாக இருப்பது ஒன்று உண்டு. வந்தவரையும் இருந்தவரையும் பிணைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. இருந்த ஏற்பாடும் தளர்ந்துபோயிற்று.

இவ்விரு சோதனைகளையும் சேர்த்து நோக்கினால், என் விடையைச் சுருக்கமாகச் சொல்லலாம். குடிபெயர்ச்சி பூசலின் காரணம் அன்று. அது பூசலுக்குரிய சந்தர்ப்பம். அந்தச் சந்தர்ப்பம் பூசலாக வேண்டுமானால் சில நிலைமைகள் கூட வேண்டும். நிலமோ பிழைப்போ ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாற வேண்டும். அந்தக் கைமாற்றம் சமயப் பிரிவோடு பொருந்தி நிற்க வேண்டும். தேர்தலோ பதவியோ அந்தப் பிரிவின் தலைகளை எண்ணத் தொடங்க வேண்டும். வழக்கைத் தீர்க்க இருசாராரும் நம்பும் மன்றம் இல்லாமற் போக வேண்டும். இவை யாவும் கூடிய பின், ஆயுதமும் வதந்தியும் வந்து சேர்ந்தால், ஒரு சிறு சண்டையே போதும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை வெட்டினாலும் தீ பரவாது. ஆனால், கடைசிக் கண்ணி வரை காத்திருந்தால், வெட்டுவதற்குப் போலீஸும் இராணுவமும் தவிர வேறு கருவி இராது.

மின்டனாவோ மக்கள் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். 1976இல் திரிபோலியில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று, அது நிறைவேறவில்லை. 1996இல் மற்றொன்று ஆயிற்று. அதில் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி சேரவில்லை. 2008இல் அம்முன்னணியோடு செய்யவிருந்த நில உடன்பாட்டை உச்ச நீதிமன்றம் தடுத்தது. தங்களைக் கேட்காமலே தங்கள் ஊர்கள் மோரோ நிலத்தில் சேர்க்கப்படுகின்றன என்று குடியேறிகள் அஞ்சியிருந்தனர். உடன்பாடு நின்றதும் முன்னணியின் சில தளபதிகள் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் லானாவோவின் கிறிஸ்தவ ஊர்களைத் தாக்கினர். மீண்டும் லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். முன்பு முஸ்லிமைக் கேட்காமல் நிலம் பங்கிடப்பட்டது. இப்போது குடியேறியைக் கேட்காமல் பங்கிட முயன்றனர். தவறு ஒன்றுதான்.

2014இல் கையெழுத்தான உடன்படிக்கையும், 2018இல் நிறைவேறிய பாங்சமோரோ அடிப்படைச் சட்டமும் இந்தத் தவறைத் திருத்த முயன்றன. 2019 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மக்கள் வாக்களித்த பின்னரே தன்னாட்சிப் பகுதி உருவாயிற்று. வடகொத்தபாத்தோவில் 63 சிற்றூர்கள் தாமே வாக்களித்து அதில் சேர்ந்தன. அதன் 80 இடங்கள் கொண்ட சட்டசபையில், முஸ்லிமல்லாத பழங்குடிகளுக்கு இரண்டும், குடியேறிய சமூகத்தாருக்கு இரண்டும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. இரண்டு இடங்கள் சிறியவைதாம். ஆயினும், வந்தவர்களும் இம்மண்ணின் மக்களே என்று, இழந்தவர்களின் சட்டமே எழுதி வைத்திருப்பது சிறிய செய்தி அன்று. குல வைரங்களும், பழைய நிலவழக்குகளும், கைவிடப்படாத துப்பாக்கிகளும் அந்தப் பகுதியை இன்னும் வருத்துகின்றன. சட்டம் ஒரு தொடக்கமே.

சட்டத்துக்கு முன்பே ஊர்மக்கள் சிலர் தம்மளவில் தொடங்கியதும் உண்டு. பிக்கிட் என்ற நகராட்சியில் முஸ்லிம், கிறிஸ்தவர், லுமாட் ஆகிய மூவகையினரும் கலந்து வாழும் ஏழு கிராமங்கள், 2000ஆம் ஆண்டுப் போரில் சிதறிய பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. எங்கள் எல்லைக்குள் போர் வேண்டாம் என்று இராணுவத்திடமும் கிளர்ச்சிப் படையிடமும் அவை சென்று கேட்டு, அமைதி வெளி என்று தம்மை அறிவித்துக்கொண்டன. இத்தகைய கூட்டங்களில் ஒரு பழங்கதையைச் சொல்வது வழக்கம். தபுனாவாய், மமாலு என்று உடன்பிறந்தார் இருவர். ஒருவர் இஸ்லாத்தை ஏற்றுச் சமவெளியில் தங்கினார். மற்றவர் முன்னோர் வழியில் நின்று மலைக்குச் சென்றார். இருவர் வழியினரும் உறவினரே. வடக்கிலிருந்து வந்தவருக்கு அந்தக் கதையில் இடம் இல்லை. ஆனால் புதியவரை உறவாக்கிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. அவர்களுக்கும் இடம் செய்துகொடுக்க ஊரார் முயல்கின்றனர்.

மாணவ நண்பர்களே, நாளை எங்கேனும் வகுப்புக் கலவரம் என்று பத்திரிகையில் படிப்பீர்கள். எந்தச் சமயத்தார் யாரை அடித்தார் என்பது முதல் வரியிலேயே இருக்கும். அந்த வரியோடு நின்றுவிடாதீர்கள். அங்கே நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது? பட்டா எந்தச் சட்டத்தின்படி எழுதப்பட்டது? வந்தவர் எதனால் தம் ஊரை விட்டு வந்தார்? சண்டை வந்தால் இருவரும் சென்று முறையிட ஓர் இடம் இருந்ததா? இவற்றைக் கேட்டுப் பாருங்கள். விடைகள் உடனே கிடைக்கமாட்டா. நூலகத்தில் தேட வேண்டும், மக்கள்தொகைக் கணக்குகளைப் புரட்ட வேண்டும், இருசாரார் சொல்வதையும் பொறுமையோடு கேட்க வேண்டும். கேட்காமலே விடை சொல்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. மனிலியிலும் அம்போனிலும் அவர்கள் இருந்தார்கள்.